ஆறு பேர் நோட்டு

"அக்கா, இன்னிக்காவது சொல்லிடு. சனிக்கிழமை ஒப்போகு அண்ணன் வீட்டாளுங்க நம்ம வழக்கப்படி மது பாட்டிலும் கையுமா பெண் கேட்டு வந்த பிறகு சொன்னா, ஏமாத்தினதா ஆயிடும்" என்றாள் பக்கத்துத் தக்காளிக் கடை போக்குவா.

செர்வா வாணலியில் மீனைப் புரட்டினாள். குமாசி நகரச் சந்தையில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. ஆனால் எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. வேன் டிரைவர் ஒப்போகுவோ தினமும் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை ஒரு பக்கம் விடாமல் பார்க்கிறவர். போகும்போது, மீன் கட்ட ஆகும் என்று அவளிடமே கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு கைநாட்டைக் கட்டிக்கொள்வாரா?

இத்தனை நாள் நோட்டில் இருந்த படங்கள்தான் அவள் மானத்தைக் காப்பாற்றின. பாலம் இருந்தால் இது, வேறு படம் இருந்தால் அது. ஒப்போகு நீட்டுவதும் எப்போதும் பாலம் நோட்டுதான். இப்போது அரசாங்கம் நான்கு சைபரை வெட்டிப் புது நோட்டு விட்டுவிட்டது. அத்தனை நோட்டிலும் நாட்டு விடுதலைக்குப் போராடிய அதே ஆறு தலைவர்கள். நிறம் வேறு வேறுதான், ஆனால் எந்த நிறம் எவ்வளவு என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒப்போகு வந்தார். போக்குவா மெல்ல நழுவினாள்.

சாப்பிட்டு முடித்தவர் சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, இரண்டு புது நோட்டுகளை நீட்டினார். "உனக்கு எது வேணுமோ எடுத்துக்க."

செர்வா இரண்டு நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பாழாய்ப்போன ஆறு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று போட்டு உடைத்தாள். "நம்பர்கூடத் தெரியாது. சனிக்கிழமை வர்றதில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

சொன்னதும் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பழைய வாய் திரும்பி வந்தது.

"வர்றதா இருந்தா, உங்க பேப்பர்லதான் எல்லா நோட்டும் போட்டிருக்கே, எது ஒண்ணு, எது பத்துன்னு படிச்சுச் சொல்லுங்க."

ஒப்போகு பேப்பரை விரித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு வருஷமா இதை வாங்கினதே உன் பெஞ்சுல கூடக் கொஞ்ச நேரம் உட்காரத்தான், செர்வா. எனக்கும் இதுல அந்த ஆறு பேர்தான் தெரியறாங்க."