ஒரு சாண் பாசி

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் பிரகாசி கம்பி பிரஷும் வாளித் தண்ணீருமாகக் கணவரின் கல்லறைக்கு வந்துவிடுவாள். மலைமேல் இருந்த அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மூடுபனி கலையவே கலையாது. கணவருக்கு வலப்புறம் கிடப்பவள் அமலோற்பவம், கல்யாணத்துக்கு முன் அவர் விரும்பிய பெண். அவள் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியது அவரேதான். இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு சாண் மண். மழைக்காலம் முடிவதற்குள் பாசி அதில் படர்ந்து இருவரையும் தொட்டுவிடும். பதினொரு ஆண்டுகளாகப் பிரகாசி அதைத் தேய்த்துப் பிய்த்துக் கழுவிவந்தாள். இந்த முறை அது இரண்டு பெயர்களையுமே மூடியிருந்தது. குழி வெட்டும் எஸ்தாக்கி சிரித்தார். "நீங்க தேய்க்கத் தேய்க்கத்தாம்மா பரவுது. பிஞ்சு விழுற ஒவ்வொரு துணுக்கும் தனியா முளைச்சிரும். தண்ணிய வேற ஊத்திவிடுறீங்க." அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். பாசியின்மேல் மயிரிழைக் காம்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் குல்லா போட்ட சின்னக் குடுவை. அவள் மூச்சுப் பட்டு, குல்லா கழன்ற ஒன்றிலிருந்து தூள் புகைபோல எழுந்து பனியில் கலந்தது. அது எங்கே போய் இறங்குமோ. பிறகு நகத்தால் ஒரு துணுக்கைக் கிள்ளிக்கொண்டு கணவரின் இடப்புறம் போனாள். தனக்கென்று அவள் சொல்லிவைத்திருந்த ஆறடி மண் அங்கே வெறுமையாகக் கிடந்தது. அதன் ஓரத்தில், அவர் கல்லை ஒட்டி, துணுக்கை வைத்து அழுத்தினாள். "வாளியில மிச்சத் தண்ணி இருக்குல்லண்ணே, அத இங்க கொண்டாங்க."