சொட்டினால்தான் மரியாதை

"வாசல் பூரா எண்ணெய்! பக்கத்து வீட்டு ஜப்பான் பைக் ஒரு சொட்டாவது சிந்துதா?" தரையைத் தேய்த்தபடி கத்தினாள் டோரீன்.

"பிரிட்டிஷ் வண்டின்னா சொட்டத்தான் செய்யும். சொட்டலைன்னாதான் பயப்படணும்" என்றான் அவள் கணவன் நார்மன், பெருமையாக.

கவென்ட்ரி பழைய பிரிட்டிஷ் பைக் கிளப்பில் அவன் இருபது வருட உறுப்பினர். ஜப்பான் சாமான் ஒன்றை மாட்டினாலும் ஆளை நீக்கிவிடுவார் தலைவர் வில்ஃப். ஞாயிறுதோறும் ஒவ்வொரு வண்டிக்கடியிலும் குனிந்து பார்ப்பார். எண்ணெய்க் கறை இருந்தால்தான் அவருக்குத் திருப்தி.

இந்த ஞாயிறு கூட்டம் நார்மன் வீட்டில். டீ போட்டுவிட்டு வெளியே வந்த டோரீன் அப்படியே நின்றுவிட்டாள். நார்மன் வண்டிக்கடியில் படுத்து, எண்ணெய் கேனிலிருந்து தரையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! இத்தனை நாளும் நீதானா?"

"கத்தாதே! போன வருஷமே ஜப்பான் ஆயில் சீல் மாட்டிட்டேன். அதுலேர்ந்து சனியன் ஒழுகவே மாட்டேங்குது. வில்ஃபுக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும்!"

வாசலில் தடதடவென்று சத்தம். நார்மன் கேனை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்தான்.

முதல் ஆளாக வந்து இறங்கிய வில்ஃப், நார்மனின் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார்.

"இதுதான்யா அசல் பிரிட்டிஷ்!" என்று முதுகில் தட்டினார்.

நார்மன் நிம்மதியாக உள்ளே போனான். வில்ஃப் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டோரீனை நெருங்கினார்.

"மத்தவங்க வர்றதுக்குள்ள அந்தக் கேனைக் கொஞ்சம் குடும்மா. என்னோடத வீட்லயே மறந்து வெச்சிட்டு வந்துட்டேன்."