மூன்று முறை வந்த வரி

"ஊரே தலையாட்டுற பாட்டு..." என்று ஆரம்பித்து, சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் மெர்டேக்கா சுதந்திரக் கூட்டத்தில் ஏதோ சொன்னார். மீதி யாருக்கும் நினைவில்லை.

ஜெயபாலனுக்கு அந்தப் பாதியே போதும். ஊரே தலையாட்டினால் அது பாட்டே இல்லை என்பது அவன் கட்சி.

மறு வருஷம் மலாக்காவிலேயே காஜா பெராங் பக்கம் பெண் பார்க்கப் போனான். இது மூன்றாவது பெண். "இதையும் தட்டிக் கழிச்சே, அப்புறம் நீயே சமைச்சுத் தின்னு" என்று அம்மா ருக்மணி முன்பே சொல்லியிருந்தாள்.

வழக்கம்போல் பெண்ணைப் பாடச் சொன்னார்கள்.

"தேவாரம் வேண்டாங்க. ராக் அண்ட் ரோல் ஏதாச்சும் தெரியுமா?" என்றான் ஜெயபாலன்.

பெண்ணின் அப்பா பொன்னுதுரைக்குக் காப்பி புரையேறியது.

கமலவேணி கூச்சப்படவில்லை. தட்டில் தாளம் போட்டு, கித்தாரையும் வாயாலேயே 'டொய்ங் டொய்ங்' என்று வாசித்துப் பாடி முடித்தாள்.

ஜெயபாலன் எழுந்துவிட்டான்.

"வாங்கம்மா, போவோம்."

"ஏன்டா, நல்லாத்தானே பாடுச்சு?"

"போன வருஷம் இந்தப் பாட்டு மலாக்காவிலேயே நாலு பேருக்குத்தான் தெரியும். இப்ப தெருவுல மீ கோரிங் வறுத்து விக்கிறவருகூட விசிலடிக்கிறாரு!"

"பாட்டை மாத்திட்டாங்களா?"

"இல்லே."

"பின்னே?"

"எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சும்மா!"

"தம்பி, வேணும்னா யாருக்கும் பிடிக்காத பாட்டு ஒண்ணு பாடச் சொல்லட்டுமா?" என்றார் பொன்னுதுரை, பரிதாபமாக.

வாசல்வரை போனவன் திரும்பினான். "நடுவுல ஒரு வரியை ஏன் மூணு தடவை பாடினீங்க?"

"பாட்டே அப்படித்தாங்க. மீ கோரிங்காரரும் மூணு தடவைதான் விசிலடிப்பாரு" என்றாள் கமலவேணி.

ஜெயபாலன் முகம் வெளுத்தது. சிங்கப்பூரிலிருந்து அவன் வரவழைத்த இசைத்தட்டில் சரியாக அந்த வரியில்தான் கீறல். ஊசி மாட்டி, மூன்று தடவை சுற்றிவிட்டுத்தான் நகரும்.

"அவரு எங்கே கத்துக்கிட்டாரு?"

"அவரு கடைக்கு ரெண்டு லோரோங் தள்ளி, ஒரு சந்துல ஒரு ஆளாம். சாயங்காலம் ஆனா ஜன்னலைத் திறந்துபோட்டு, பாட்டுப் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைச்சு அலற விடுவாராம். சரியான சந்தைக்கடை ஆளுபோல!"

ருக்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஆளு இவன்தாம்மா."

கமலவேணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்: "அவ்வளவு ஒசத்தியான பாட்டுன்னா, ஜன்னலைச் சாத்திக்கிட்டுத் தனியா கேட்டிருக்கலாமே?"

"சாத்திட்டா, நான் ஒசத்தியான பாட்டு கேக்குறது ஊருக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவனுக்குக் காது சிவந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். தை மாதத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றான்.