மமேவுக்கு ஒத்துக்கொண்ட தீனி

பத்து வருடமாக உயர்ந்த ரக நாய்த் தீனியே வாங்கிய பெரியவர் குராதா, இன்று மலிவுப் பை ஒன்றை எடுத்துவந்து கல்லாவில் வைத்ததும் கடைக்காரி ஹிசாயோவுக்கு எரிச்சல் வந்தது.

"ஐயா, உங்க நாய் மமேவுக்குக் கோழி ஆகாது. தின்னா பேதியாகும்."

"இதுல கோழியே இல்லம்மா. மீனும் அரிசியும்தான். விலையும் பழசுல பாதி."

"வயிறு தாங்குமா?"

"தாங்கிடுச்சு! நாய் டாக்டர் குடுத்த சாம்பிளைப் பழைய தீனியில கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பத்து நாளாப் போட்டேன். இப்ப முழுக்க இதுதான். வெளிக்கிக் கெட்டியாப் போறான்."

"பென்ஷன் குறைஞ்சுடுச்சா?"

"என் பென்ஷனுக்கு என்ன கேடு?"

"அப்புறம் எதுக்கு இந்தக் கஞ்சத்தனம்? வாயில்லா ஜீவன் கிட்டயா மிச்சம் பிடிக்கணும்?"

குராதா சிரித்தார்.

"அடுத்த வாரம் நான் முதியோர் இல்லத்துக்குப் போறேன். அங்க நாய்க்கு இடமில்ல. பேப்பர் போடுற யோஷிமி மமேவைக் கேட்டு வாங்கிக்கிறா. தீனிக்கு நான் பணம் தர்றேன்னா, 'என் பிள்ளைக்கு நான் சோறு போட மாட்டேனா?'ன்னு சண்டைக்கு வர்றா. அவ சம்பளத்துக்கு எது கட்டுப்படியாகும்னு தேடித்தான் இதைக் கண்டுபிடிச்சேன். இப்பவே பழக்கிட்டா, போற வீட்டுல இவன் வயிறு கெடாது. அவளுக்கும் பயமிருக்காது."

ஹிசாயோ பையைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"யோஷிமியை எப்ப வேணா வரச் சொல்லுங்க ஐயா. இனி இந்தத் தீனி என் கடையில தீராது."