செடிக்கு மட்டும்

"திருடி! செடித் தண்ணியவா திருடுறே?"

மேஸ்திரி தங்கராசு போட்ட சத்தத்துல உப்பளமே திரும்பிப் பார்த்துச்சு.

பாஞ்சாலை இடுப்புல தளும்பத் தளும்ப ஒரு கொடம். காலடியில செடிப்பானை கவுந்து கெடக்குது. அதுல இருந்த தண்ணி மொத்தமும் மண்ணுல.

நான் தண்ணி வண்டிய ஓரங்கட்டிட்டு நின்னுகிட்டிருந்தேன். பாஞ்சாலை என் சித்தப்பா மவ. எனக்குத் தங்கச்சி முறை.

எழுபத்திநாலாம் வருஷம் அது. மழை பொய்ச்சு, மரக்காணத்துல குடிக்கவே தண்ணியில்ல. அந்த வருஷம் பார்த்து வனமகோத்சவம்னு உப்பளத்து மேட்டுல பத்து வேப்பங்கன்னு நட்டாரு ஆபீசர். மைக் செட் வெச்சு, "மரமும் ஒரு உயிர்தான்"னு ஒரு மணி நேரம் பேசுனாரு. வெயில்ல நின்னு கேட்டவங்களுக்கு ஒரு வாய் மோர்கூட இல்ல.

கன்னுக்கு ஒரு பானை. காலையில நான் ரொப்பி வைக்கணும், சாயந்திரம் பொம்பளைங்க ஆளுக்கொரு கன்னுக்கு ஊத்தணும். பக்கத்துலயே போர்டு: "செடிக்கு மட்டும். குடிக்கக் கூடாது."

நட்ட அன்னிக்குப் பாஞ்சாலை ஒருத்திதான் கேள்வி கேட்டா.

"இது நெழல் குடுக்க எத்தினி வருஷம் ஆவும் சார்?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. போன சித்திரையில பாத்தி ஓரமா துணிய விரிச்சுப் படுக்க வெச்ச அவ கொழந்தை, வெயில் தாங்காம செத்துப்போச்சு. இப்ப மறுபடியும் ஆறு மாசம்.

மூணே வாரத்துல ஒன்பது கன்னு கருகிப்போச்சு. யாரோ தண்ணிய திருடுறாங்கன்னு மேஸ்திரி ஒளிஞ்சிருந்து பார்த்தான். மாட்டிக்கிட்டா.

ஆபீசர் ஜீப்புல வந்து எறங்குனாரு.

மேஸ்திரி அவ கொடத்துல வெரல விட்டு நாக்குல வெச்சான். உப்பளத்துக்காரன் நாக்கு தப்பாது.

"நல்ல தண்ணி சார்! செடித் தண்ணியேதான். வேண்டியத மொண்டுகிட்டு மிச்சத்தக் கொட்டியிருக்கா பாருங்க!"

ஆபீசர் மொகம் செவந்துச்சு. "ஒன்பது உயிரக் கொன்னுட்டியேம்மா! நீயும் புள்ள பெத்தவதானே?"

பாஞ்சாலை அவரப் பார்க்கல. என்னைப் பார்த்தா.

என் வாய் சும்மா இருந்துதா? "ஏன் தங்கச்சி, ஒனக்கேன் இந்தப் புத்தி?"ன்னு நானும் சேர்ந்து கத்துனேன். த்தூ, நானும் ஒரு மனுசன்!

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே"ன்னுட்டு ஆபீசர் ஜீப்புல ஏறிட்டாரு. அவ பொறுப்புல விட்ட அந்தப் பத்தாவது கன்னு மட்டும் பச்சைப் பசேல்னு நிக்கறத ஒருத்தனும் கவனிக்கல.

ஜீப் மறைஞ்சதும் பாஞ்சாலை கொடத்த எறக்கி, அந்தக் கன்னு வேர்ல நெதானமா ஊத்துனா. அப்புறம் வண்டிகிட்ட வந்தா.

"இது எங்க தெருக் கிணத்துல வரிசையில நின்னு, குடிக்க மொண்டுகிட்டு வந்த தண்ணிண்ணே. அதச் சொல்லியிருந்தா ஒன் வேலை போயிருக்கும்."



உப்புத் தண்ணியில குளிச்சா ஆபீசரம்மாவுக்கு முடி கொட்டுதாம். செடிக்குன்னு பக்கத்து ஊரு அனுமந்தையிலேர்ந்து நான் கொண்டாற நல்ல தண்ணி மொத்தமும் அவங்க வூட்டுத் தொட்டிக்கு. செடிப்பானைக்குக் கால்வாய் உப்புத் தண்ணி. "செடி என்ன வாயத் தொறந்து சொல்லவா போவுது?"ன்னு ரொப்பச் சொன்னவரு ஆபீசர். ரொப்புனவன் நான்.

தலை நிமிர முடியல. அவளே பேசுனா.

"போனது போவட்டும்ண்ணே. நாளையிலேர்ந்து அந்த ஒரு பானையில மட்டும் உப்புத் தண்ணிய ரொப்பாதே. என் புள்ளைக்கு இல்லாட்டியும், இங்க வேற யாரு புள்ளைக்காவது நெழல் ஆவும்."