பிரியாவிடை கேக்

மூன்றாம் வார்டைக் கூட்டித் துடைக்கும் தனபாக்கியம் சீருடையையும் பெயர் அட்டையையும் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்ததும், போன வருடம்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நர்ஸ் ஃபர்ஹானா ஒரு பாண்டான் கேக் வாங்கி வந்துவிட்டாள்.

"எதுக்கு மிஸி இதெல்லாம்?"

"இருபத்தோரு வருஷம் இந்த ஆஸ்பத்திரியில உழைச்சிருக்கீங்க அக்கா. சும்மா அனுப்பிடுவோமா? வெட்டுங்க!"

"அதில்ல மிஸி..."

"அழக்கூடாது! இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்க. அந்த முட்டி ஆபரேஷனையும் முடிச்சிடுங்க."

தனபாக்கியம் கேக்கை வெட்டினாள். அந்த நேரம் பார்த்து, துப்புரவுக் குத்தகையைப் புதிதாக எடுத்திருக்கும் கம்பெனியின் மேற்பார்வையாளர் ஹஃபீஸ் பட்டியலோடு வந்தார்.

"மிஸி, நாளைலேருந்து இந்த வார்டுக்கு ஒரு புது ஆளு. மூணு மாசம் சோதனைக் காலம், லீவு கிடையாது. வேலைய நீங்கதான் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

"பேரு?"

"தனபாக்கியம்."

ஃபர்ஹானா வாயில் வைத்த கேக்கை மென்று விழுங்க மறந்தாள். "இவங்க இங்க இருபத்தோரு வருஷமா..."

"எங்க கம்பெனி நாளைக்குத்தானே மிஸி ஆரம்பிக்குது?"

அவர் போனதும் தனபாக்கியம் சொன்னாள். "மூணு வருஷத்துக்கு ஒருக்கா கம்பெனி மாறும், நானும் புதுசாயிடுவேன். இது ஏழாவது தடவ. பழைய சர்வீச சேத்துக்கச் சொல்லி சங்கமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

மீதிக் கேக்கைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"இத வரவேற்புக்கு வச்சுக்கலாம் மிஸி. காலையில ஆறரைக்கு வந்துடுவேன்."