ஜன்னலோர பெஞ்சு

“இங்க என்னா கல்யாணமா நடக்குது?”

பவானி போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சு அது. காலையிலிருந்து அங்கே ஒரே சிரிப்பு. ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த பவானிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“உள்ள நம்ம ஆளுங்க ரத்தத்த மெஷின்ல ஓட வுட்டுக்கினு கெடக்கறாங்க. வெளிய நீங்க பல்லக் காட்டிக்கினு இருக்கீங்க. எப்படிங்க மனசு வருது?”

இருவரில் மூத்தவள், ஒலக்கூர் வெள்ளையம்மாள், அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்க முதல் நாளாம்மா?”

“ஆமா. ஒன்றரை மாசமா பாண்டியில பாத்தோம். அலைய முடியலன்னு இங்க மாத்திக்கினோம்.”

“யாருக்கு?”

“எங்க வூட்டுக்காரருக்கு” என்று சொல்லிவிட்டுப் பவானி எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் அவர்களுக்கு. புருஷன் பச்சமுத்துவுக்கு முதலில் முகம்தான் வீங்கியது. “என்னாய்யா, பன்னு மாதிரி ஊதிக்கினு வர்ற?” என்று கேட்டு, வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவள் பவானி. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது.

அதன்பிறகு அவள் தலையில் பூ வைக்கவில்லை. வீட்டில் டிவி ஓடவில்லை. அக்கா மகள் காதுகுத்துக்குப் போய், பந்தியில் உட்காராமலே திரும்பிவிட்டாள். பச்சமுத்து ஏதாவது வேடிக்கையாகப் பேச வாயெடுத்தால், “கம்முனு படுய்யா” என்பாள். புருஷன் இப்படிக் கிடக்கும்போது தான் சிரித்தால் அது அவனுக்குச் செய்கிற துரோகம் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு.

பத்து நிமிஷம் போனது. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் புனிதா வந்தாள்.

“என்னாச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?”

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள்.

“தொண்ட காஞ்சிடுச்சி சிஸ்டர். தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்னு” என்றாள் வெள்ளையம்மாள்.

“ஜல்தி குடிங்க. உள்ள எல்லாரும் கேக்கறாங்க. நாலு மணி நேரமும் மெஷின் சத்தத்தையே கேட்டுக்கினு கெடந்தா அவங்களுக்கும் பேஜாரா இருக்காதா? அதுக்குத்தானே இந்த பெஞ்ச ஜன்னலாண்ட இழுத்துப் போட்டோம்?”

புனிதா உள்ளே போனாள். ஜன்னல் திறந்தே கிடப்பதைப் பவானி அப்போதுதான் பார்த்தாள்.

பெஞ்சில் இருந்த இன்னொருத்தி, கிளியனூர் அன்புச்செல்வி, நகர்ந்து இடம் விட்டாள். “வந்து உக்காருக்கா. நானும் மொதல்ல அந்தச் சுவத்தாண்டதான் உக்காந்து அழுதுக்கினு இருந்தேன்.”

பவானி தயங்கித் தயங்கி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க வுட்டேன்?” என்றாள் வெள்ளையம்மாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலை உயர்த்தி. “ஆங்... டாக்டர் பழைய மருந்துச் சீட்டக் கேட்டாரு. ‘ஆடு தின்னுடுச்சி சார்’ன்னேன். ‘சுகர் மாத்திரை?’ன்னாரு. ‘அதுவும் பையோட போச்சு சார்’ன்னேன். மனுசன் கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அப்புறம், ‘ஆடு இப்ப எப்படிம்மா இருக்குது?’ன்னாரு.”

“நீ என்னா சொன்ன?” என்றாள் அன்புச்செல்வி.

“‘எங்க வூட்டுக்காரர வுட அதுக்கு சுகர் நல்லா கண்ட்ரோல்ல இருக்குது சார்’ன்னேன்!”

உள்ளேயிருந்து ஆண்களின் சிரிப்பு கேட்டது. பவானி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடக்க முடியவில்லை. வயிற்றிலிருந்து குபீரென்று கிளம்பி, அந்த வராண்டா முழுக்கக் கேட்கும்படி வெடித்தது அவளுடைய சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

மறு நிமிஷமே கதவு படாரென்று திறந்தது. புனிதா வேகமாக வெளியே வந்தாள்.

“பச்சமுத்து சம்சாரம் யாரு?”

பவானி சட்டென்று எழுந்தாள். சிரித்தேனே பாவி, ஒரு நிமிஷம் மறந்து சிரித்தேனே!

“நான்தாங்க. அவருக்கு என்னாங்க ஆச்சு?”

“அவருக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க.” புனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “காலையில ஊசி குத்தறப்பவே, ‘இன்னியோட போதும் சிஸ்டர், இனிமே டயாலிசிஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். என்னால என் பொண்டாட்டி நடைபொணமா ஆயிட்டா’ன்னு சொன்னாருங்க. நாங்க எவ்ளோ பேசியும் கேக்கல.”

பவானி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“இப்ப வெளிய ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதும் தலைய தூக்கிப் பாத்தாரு. ‘அது என் பவானிதானே?’ன்னாரு. அப்புறம் அவரே கேக்கறாரு, ‘அடுத்த தடவ எத்தன மணிக்கு வரணும் சிஸ்டர்?’”